புறம்போக்கு நிலமும் சர்க்காரின் பாத்தியதையும்

தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தாலும், சர்வே எண், விஸ்தீரணம், மண் வயனம், தரம், தீர்வை, பட்டாதாரரின் பெயர் என்று வரிசையாக நிரம்பிச் செல்லும் கட்டங்களுக்கு நடுவே, தீர்வைக்குரிய இடம் வெறுமையாகக் கிடக்க, ஏரி என்றும் ஓடை என்றும் களம் என்றும் மயானம் என்றும் வண்டிப்பாதை என்றும் ஒற்றைச் சொல்லால் மட்டுமே அடையாளம் காட்டப்பட்ட எண்கள் இடையிடையே வருவதைக் காணலாம். இவையே புறம்போக்கு. தனி மனிதர் எவருக்கும் பட்டா இல்லாத இந்த நிலங்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், சட்டம் தயக்கமின்றி 'சர்க்கார்' என்று பதில் சொல்லிவிடும். எத்தகைய சொந்தக்காரர் என்று கேட்டால்தான் பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. விற்கவும் மாற்றவும் அழிக்கவும் சுதந்தரம் பெற்ற மிராசுதாரரா, அல்லது பிறருக்காகப் பரிபாலனம் செய்யும் தர்மகர்த்தாவா? பதிவேட்டில் எழுதப்பட்டுள்ள அந்த ஒற்றைச் சொல், ஆக்கிரமிப்பவனைக் கட்டுப்படுத்துவது போலவே சர்க்காரையும் கட்டுப்படுத்துகிறதா என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம். மற்ற விவாதங்கள் எல்லாம், ஆக்கிரமிப்பு உட்பட, அதற்கு அடுத்தபடியானவையே.

பொது நிலம் என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த ஏற்பாடு அன்று. முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட கிராமங்களைக் குறிக்கும் சாசனங்களில், ஊரின் மொத்த அளவைச் சொல்லி, அதிலிருந்து ஊர்நத்தம், குளம், ஊடே செல்லும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றை இறையிலியாகக் கழித்து, எஞ்சிய நிலத்துக்கே இறை கணக்கிடப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த 919, 921 ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று ஒரு குழுவே குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. நம்முடைய சரித்திர ஆசிரியர்கள் இந்தச் சாசனங்களைக் கண்டு பூரித்துப்போவது வழக்கம். பூரிப்பதற்கு இடமும் உண்டு. ஆயினும் அந்த வாரியத்துக்காகக் குடவோலையில் பெயர் எழுதி இடப்படத் தகுதி பெற்றவர், பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர் என்பதையும், சேரியையும் சுடுகாட்டையும் ஒரே மூச்சில் எண்ணிக் கழித்துவிட்ட அந்தப் பட்டியல் யாருடைய கண்ணால் ஊரைப் பார்த்தது என்பதையும் மறந்துவிட்டு, கிராம சமுதாயத்திடம் பொது நிலத்தை ஒப்படைத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று முடிவு கட்டுவது யோசனையற்ற செயலாகும்.

இந்த எச்சரிக்கை வெறும் ஊகம் அன்று என்பதைச் செங்கற்பட்டு ஜில்லாவின் கதை காட்டுகிறது. கும்பினியார் அதை ஜாகீராகப் பெற்ற பின் எழுந்த பெரிய வழக்கு, தரிசு நிலம் யாருடையது என்பதே. சாகுபடி நிலத்தில் பங்கு உடைய மிராசுதாரர்கள், பயிரிடாத தரிசிலும் தங்களுக்கே பாத்தியதை என்று வாதித்தார்கள். சென்னைக் கலெக்டராக இருந்தவரும் தமிழ் கற்றுத் தேர்ந்தவருமான எல்லிஸ் துரை, 1818 இல் வெளிவந்த தமது மிராசு ஆராய்ச்சியில் அவர்கள் கட்சிக்கே பெரிதும் ஆதாரம் தேடித் தந்தார். ஒரு நூற்றாண்டு கழிவதற்குள் அந்தப் பாத்தியதை எப்படிப் பயன்பட்டது என்பதை செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டரான திரமென்ஹீர் 1891 இல் எழுதிய அறிக்கையில் காணலாம்: தரிசைக் கேட்டுச் சேரி மக்கள் தர்க்காஸ்து கொடுத்தால், அதை மறிப்பதற்கு மிராசுதாரர்களுக்கு இருந்த முன்னுரிமையே போதுமானதாக இருந்தது. அவ்வறிக்கையின் விளைவாக 1892 இல் பிறந்த உத்தரவுகளின்படி சேரி மக்களுக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். ஒப்படைப்புப் பெற்றவர் பத்து ஆண்டுக் காலம் விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அவற்றுக்கு இருந்தது. தரிசு ஊரார் சொத்தல்ல, சர்க்கார் சொத்து என்ற கொள்கை மட்டும் இல்லாதிருந்தால் அந்த உத்தரவு பிறந்திருக்கவே முடியாது. அந்த நிபந்தனைகளைப் பிற்காலத்துப் பத்திரப் பதிவுகள் எப்படி ஊடுருவிச் சென்றன என்பதும், நிலத்தைத் திரும்பக் கேட்டு 1994 இல் செங்கற்பட்டை அடுத்த காரணையில் கிளர்ச்சி செய்தவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள் என்பதும் இதன் தொடர்ச்சி. ஆகையால் சர்க்கார் உரிமையை ஒரு நல்ல பொருளுக்கும் பயன்படுத்த முடிந்தது, அந்நலம் நிலைக்கக் காவல் மட்டும் இல்லாமற் போயிற்று என்றே சொல்ல வேண்டும்.

இன்றைய நிலைமைக்கு அடிப்படை 1905 ஆம் ஆண்டு மதராஸ் நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதன் இரண்டாம் பிரிவு, பொதுச் சாலைகள், தெருக்கள், பாதைகள், பாலங்கள், கடலின் படுகை, கழிமுகங்கள், ஆறுகள், ஓடைகள், ஏரிகள், குளங்கள், கால்வாய்கள், நின்ற நீர், ஓடும் நீர் எல்லாவற்றையும், தனியாருக்குச் சொந்தமென்று காட்டப்படாத நிலம் எங்கிருப்பினும் அதையும், சர்க்காரின் சொத்து என்று ஒரே வாக்கியத்தில் பிரகடனம் செய்கிறது. இந்த முற்பகுதியைத்தான் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் எடுத்துக்காட்டுவார்கள். பிற்பகுதியோ அதிகமாகப் பேசப்படுவதில்லை: வழிநடைப் பாத்தியதை முதலான பொது உரிமைகளுக்கும், அண்டை நிலத்துக்காரரின் இயற்கை உரிமைகளுக்கும், சட்டப்படி நிலைத்துள்ள வழக்காற்று உரிமைகளுக்கும் எப்பொழுதும் உட்பட்டே அந்தச் சொத்துரிமை செல்லும் என்று அந்த வாக்கியம் முடிகிறது. ஏகாதிபத்திய சர்க்கார் தனக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொள்ளும் வேளையிலும், எடுத்துக்கொள்வது தனக்காக மட்டும் அன்று என்று ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் சட்டத்தின் எஞ்சிய பிரிவுகள் எல்லாம் வெளியாளை நோக்கியே வகுக்கப்பட்டவை. நடைமுறை இதுதான்: கிராம நிர்வாக அலுவலர் பசலியாண்டில் புலத்தைப் பார்வையிடும்போது புறம்போக்கில் ஒரு குடிசையோ பயிரோ வேலியோ தென்பட்டால், 'பி மெமோ' எழுதித் தாலுகா ஆபீசுக்கு அனுப்புகிறார். தாசில்தார் ஏழாம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து, ஆறாம் பிரிவின்படி வெளியேற்ற வேண்டும். இடையில் தீர்வையும் அபராதமும் விதிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அபராதம் மட்டும் விதிக்கப்படும், வெளியேற்றம் நடைபெறாது. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்குச் சரிபார்க்கப்பட்டு, அபராதம் வசூலான ரசீது ஆக்கிரமித்தவன் கையில் பத்திரமாகச் சேர்கிறது. பத்துப் பன்னிரண்டு ரசீதுகள் சேர்ந்த பின், வீட்டுவரி ரசீதும் மின் இணைப்புச் சீட்டும் துணை நிற்க, அவையே இத்தனை ஆண்டு அனுபவத்துக்குச் சாட்சியமாகி, 'ஆட்சேபணையற்ற புறம்போக்கு' என்ற தலைப்பின் கீழ் வரன்முறைப்படுத்தக் கோரும் மனுவோடு இணைக்கப்படுகின்றன. தண்டனைக்காக ஏற்பட்ட காகிதமே உரிமைக்கு ஆதாரமாக மாறிவிடும் இந்த விந்தையைக் கண்டு நகைப்பவர்கள், வீடு கட்ட ஒரு சென்ட் மனையும் இல்லாதவனுக்கு அதைவிட நேரான வழி எதையும் நிர்வாகம் திறந்து வைக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசிக்கக் கடவர். ஏரி உட்பரப்பில் ஏக்கர் கணக்கில் வேலியடைத்துத் தென்னை வைத்தவனுக்கும் அதே காகிதம் கிடைத்துவிடுகிறது என்பதுதான் இந்த முறையின் உண்மையான குற்றம்.

சுதந்தரத்துக்குப் பின் வந்த மாறுதல்கள் உரிமையைப் பெருக்கின, பொறுப்பைப் பெருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் கிராமங்களின் ஏரிகளும் தரிசுகளும் பொது நிலங்களும் சர்க்காரை வந்தடைந்தன. 1994 ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 134 ஆம் பிரிவு மேய்ச்சல் நிலம், களம், மயானம், மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளைக் கிராம ஊராட்சியிடம் ஒப்படைக்கிறது. ஆனால் ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் தாசில்தாரிடமே நிற்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உண்டு என்று சொல்வார்கள். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால், ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டதாயின் கரையும் மதகும் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறைக்கும், அதற்குக் குறைந்ததாயின் ஊராட்சி ஒன்றியத்துக்கும் உரியவை. தரை வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கும். மீன் பாசி ஏலம் வேறொருவரிடம் நடக்கும். உட்பரப்பில் 1981 முதல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு நடைபெற்ற சமூகக் காடு வளர்ப்பின் கருவேல மரங்கள் இருந்தால் அவற்றைக் குறித்து வனத்துறைக்கும் ஒரு கோப்பு உண்டு. இத்தனை எஜமானர்கள் இருக்கும் ஏரியில் மதகுப் பலகை உடைந்தால் யாரைக் கேட்பது என்பது ஆயக்கட்டுதாரருக்கு எளிதில் விளங்குவதில்லை. 1980 இல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டது நியாயமானதே. பரம்பரை அதிகாரத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் எந்தக் கல் எங்கே நட்டிருக்கிறது என்ற ஞானமும் அவர்களோடு வெளியேறிற்று. அதே காலத்தில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நேர்ந்த பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றளவும் கோட்டாட்சியர் அலுவலகங்களில் குவிந்துகொண்டிருக்கின்றன.

இதன் பலன் என்ன என்பதை அளந்து பார்த்தவர் பொருளியல் அறிஞர் ஜோதா. ஏழு மாநிலங்களின் வறண்ட ஜில்லாக்களில், தமிழ்நாடு உட்பட, அவர் நடத்திய ஆராய்ச்சி 1986 இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளில் பொது நிலங்களின் பரப்பு மாநிலத்துக்கு மாநிலம் 31 முதல் 55 சதவீதம் வரை சுருங்கிவிட்டது என்றும், ஏழைகளுக்கென்று பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட நிலங்களிலும் பெரும்பகுதி வசதி படைத்தவர்களையே சென்றடைந்தது என்றும், விறகுக்கும் தீவனத்துக்கும் இந்நிலங்களை நம்பியிருந்தவர்களோ பெரும்பாலும் ஏழைகளே என்றும் அவர் காட்டினார். 2006 இல் நிலமற்றோருக்குக் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வரை தரிசு வழங்கும் திட்டம் வந்தபோது, கணக்கில் தரிசாக நின்ற நிலத்தைத் தரையில் தேடிப் போனவர்கள் எதிர்பார்த்த அளவைக் காணாமல் திரும்பியதும் இதே கதையின் மற்றோர் அத்தியாயம்.

இனி, சர்க்காரே தன் சொத்தை என்ன செய்தது என்பதைப் பார்ப்போம். சென்னையின் தியாகராய நகர் 1920களில் மாம்பலத்து நெடும் ஏரியின் நிலத்தில் வடிவமைக்கப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த பகுதியில் 1976 இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வீட்டு வசதி வாரியம் ஏரிகளைத் தூர்த்து மனை போட்ட திட்டங்களுக்கு 'ஏரித் திட்டம்' என்றே வெளிப்படையாகப் பெயர் சூட்டியது. முகப்பேரில் குடியிருப்பவர் பலர் தங்கள் முகவரியில் அந்தப் பெயரை இன்றும் எழுதி வருகிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒருகாலத்துப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியதற்குத் தனியார் கட்டடங்கள் மட்டும் காரணம் அல்ல. மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பை மேடும், பறக்கும் ரயில் பாதையும், மத்திய சர்க்காரின் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் அதன் எல்லைக்குள் நுழைந்தவையே. எஞ்சிய பகுதி 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இவற்றில் எதுவும் சட்ட மொழியில் ஆக்கிரமிப்பு ஆகாது. ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு 'நில மாற்றம்' செய்யப்பட்டது. அதற்கு முன்பாக 'வகைமாற்றம்' செய்யப்பட்டது. நில ஒப்படைப்புக்கும் மாற்றத்துக்கும் குத்தகைக்கும் வருவாய் நிலையாணைகளில் விரிவான விதிகள் இருக்கின்றன. கொடுக்கக் கூடாத நிலங்களைக் குறித்து வைக்கத் தடையாணைப் பதிவேடு என்ற ஒன்றும் இருக்கிறது. கோப்பு கீழிருந்து மேலே செல்லும்போது அதில் ஒவ்வோர் அதிகாரியும் எழுத வேண்டிய குறிப்பு, இந்த நிலம் இப்போது அந்தப் பயனுக்கு வேண்டியிருக்கிறதா என்பது. பத்தாண்டு மழை பொய்த்த வாய்க்காலில் நீர் ஓடவில்லை என்று எழுதினால் அது பொய் ஆகாது. மேய்ச்சல் நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டி ஆடுமாடு நுழையவில்லை என்று எழுதினாலும் பொய் ஆகாது. பராமரிப்பவன் பராமரிக்காமல் விட்டதே பராமரிப்பு இனித் தேவையில்லை என்பதற்குக் காரணமாகிறது. தனி மனிதன் ஒருவன் தன் பாதுகாப்பிலுள்ள சொத்தை இவ்விதம் கையாண்டால், கோர்ட்டு அவனை நம்பிக்கை மோசம் செய்தவன் என்று சொல்லும்.

அழிப்பது ஒருபுறம் இருக்க, அசட்டையாக விட்டுவைப்பதும் சர்க்கார் நிர்வாகத்தின் ஓர் அம்சம். கிண்டியில் 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் 1945 இல் குதிரைப் பந்தயத்துக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். வாடகையை உயர்த்த வேண்டும் என்ற எண்ணம் 1970 இல் அதிகாரிகளுக்கு வந்து, வழக்கு நடந்து, பாக்கி 730 கோடி ரூபாயைச் செலுத்த வேண்டும் என்று 2023 இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 இல் குத்தகை ரத்தாகி நிலம் மீட்கப்பட்டது. நகரின் நடுவே கைக்கு வந்த அந்தத் திடலில் சர்க்கார் செய்த முதல் வேலைகளில் ஒன்று, மழை நீர் தேங்கக் குளம் வெட்டியது. ஏரிகளைத் தூர்த்த நகரத்துக்கு அது பொருத்தமான வேலைதான்.

நீதிமன்றங்கள் இந்தக் குறையை ஒருவாறு உணர்ந்திருக்கின்றன. பியாஸ் நதிக்கரை நிலத்தை ஒரு விடுதிக்குக் குத்தகைக்கு விட்ட வழக்கில், 1996 இறுதியில் உச்ச நீதிமன்றம், ஆறும் கரையும் காடும் மக்களுக்காக அரசாங்கம் தர்மகர்த்தா முறையில் வைத்திருப்பவை என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் அங்கமாக அறிவித்தது. 2001 இல் கிராமக் குளங்களைப் பற்றியும், 2011 இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் நாடு முழுவதும் உள்ள ஊர்ப்பொது நிலங்களைப் பற்றியும் அது கண்டிப்பான தீர்ப்புகளை அளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2005 இல் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையிட்டதை அடுத்து, 2007 இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதுவும் பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு மட்டுமே பொருந்துவது. 2011 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. விலக்கு அளிக்கத்தக்க அபூர்வச் சந்தர்ப்பங்களாக நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தரப்பட்ட குத்தகையையும், ஏற்கெனவே எழுந்துவிட்ட பள்ளிக்கூடம், வைத்தியசாலை போன்ற பொது உபயோகக் கட்டடத்தையும் அது குறிப்பிடுகிறது. நடைமுறையில் பின்னதே எளிதாக நிலைத்துவிடுகிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் இருந்த ஏழைக் குடும்பங்கள் நீர்வழியை மறித்தவர்கள் என்ற காரணத்தால் அகற்றப்பட்டு, பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டார்கள். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம், மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்ந்த குடியிருப்பு என்று பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் ஊர்.

2023 ஆம் ஆண்டில் சட்டசபை நிறைவேற்றிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் இந்தப் போக்கின் எல்லை என்று சொல்லலாம். 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் அமையும் ஒரு திட்டத்தின் நடுவே ஏரியோ ஓடையோ வாய்க்காலோ அமைந்திருந்தால், அரசாங்கம் அதைச் சிறப்புத் திட்டமாக அறிவித்து, அந்தச் சர்க்கார் நிலத்தையும் உள்ளடக்கி மாற்று நிலத்தோடு ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. நீர்நிலையின் கொள்ளளவு குறையக் கூடாது என்பது போன்ற காப்புகள் அதில் உண்டு. கொள்ளளவு என்பது ஏரியின் ஒரு குணம் மட்டுமே. எந்த மடைக்கு எந்த வயல் என்பதும், எந்த ஓடை எந்த ஏரியின் கலங்கிலிருந்து இறங்கி வருகிறது என்பதும் இடத்தோடு கட்டுண்டவை, வேறிடத்துக்குப் பெயர்த்து வைக்கத்தக்கவை அல்ல.

தொழிலுக்கும் சாலைக்கும் நிலம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். ஆனால் அதே தொழிலுக்குத் தனியார் வயலை எடுக்க வேண்டுமானால், 2013 ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் பொது விதி சமூகத் தாக்க மதிப்பீட்டையும் விசாரணையையும் இழப்பீட்டையும் கோருகிறது. தனியார் கம்பெனிக்கானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் சம்மதத்தையும் கோருகிறது. அடுத்த புலத்தில் இருக்கும் மேய்க்கால் புறம்போக்கை எடுக்கவோ, ஊராட்சியின் தீர்மானம் ஒன்றைக் கோப்பில் வைத்துவிட்டால் பெரும்பாலும் போதும். சொந்தக்காரரும் எடுப்பவரும் ஒருவரே ஆனபடியால் அதற்கு எடுப்பு என்ற பெயர்கூட இல்லை. அங்கே ஆடு மேய்த்தவளுக்கு அறிவிப்பு இல்லை, இழப்பீடு இல்லை, ஆட்சேபணை சொல்லத் தேதி இல்லை. 1905 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு காப்பாற்றிவைத்த வழக்காற்று உரிமைகள் முதலில் அவளுடையவை; அவளுக்கு முன் அறிவிப்பும் கிராமசபையில் விசாரணையும் இன்றிச் செய்யும் வகைமாற்றம் செல்லாது என்று அந்தப் பிரிவுக்குக் கீழே ஓர் உட்பிரிவைச் சேர்ப்பது, புதிய கொள்கை எதையும் வேண்டாத, சட்டசபையில் ஒருநாள் அலுவலில் முடியக்கூடிய காரியம். அதைச் செய்ய எந்தக் கட்சியின் அரசாங்கமும் இதுவரை முன்வராததற்குக் காரணம், எல்லா அரசாங்கங்களுக்கும் நிலம் தேவைப்படுகிறது என்பதே.